வெயிலுக்காக ஜிம்மிக்கு மொட்டை போட்டோம்... 14 மாதம் முடி முளைக்கவில்லை!

மதுரையில் மே மாதம் பதினொரு மணிக்கு மேல் வாசலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்த வெயிலில் எங்கள் ஜிம்மி, பஞ்சு மூட்டை மாதிரி, ஹால் டைல்ஸில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ``பாவம்ப்பா, கம்பளியைப் போத்திக்கிட்டுக் கிடக்கு. அந்த முடிய வெட்டித்தான் விடுங்களேன்.''

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கே வந்து நாய்க்கு முடி வெட்டிவிடும் ஒருவரை போனில் கூப்பிட்டோம். மெஷினை எடுத்தார். தலையையும் வால் நுனியையும் மட்டும் விட்டுவிட்டு, ரோஸ் நிறத் தோல் தெரிகிற அளவுக்கு ஒட்ட வழித்துவிட்டார். வேலை அரை மணி நேரம். ``அப்பா, சிங்கக்குட்டி மாதிரி இருக்கான்!'' என்று என் மகள் சிரி சிரியென்று சிரித்தாள். ஜிம்மி சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன்தான், ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

``ரெண்டு மாசத்துல வளர்ந்துடும் சார்'' என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். ஜூலை வந்தது. தலையிலும் காலிலும் முடி வந்தது. முதுகிலும் தொடையின் பின்பக்கமும் வரவில்லை. தீபாவளிக்கு வந்த சித்தி, ``என்னடா, நாய்க்குச் சொறியா? பிள்ளைய பக்கத்துல விடாத'' என்றார். பொங்கலுக்கு முதுகில் ஆங்காங்கே பூனை முடி போல மெத்தென்று கொஞ்சம் எட்டிப் பார்த்தது. முழுதாக மூடி, பழைய ஜிம்மியாக அவனைப் பார்க்க 14 மாதங்கள் ஆயின. இடையில் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, தோல் மருந்துகள், மகளின் அழுகை எல்லாம் தனிக்கதை.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? மொட்டை போட்ட மறுநாளும் அவன் அதே டைல்ஸில், அதே மாதிரிதான் இரைத்துக்கொண்டு கிடந்தான்.

முதல் கேள்வியே ``மெஷின் போட்டீங்களா?''

தீபாவளி முடிந்த கையோடு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜிம்மியை மேஜையில் ஏற்றும் முன்பே, ``வெயிலுக்குன்னு மெஷின் போட்டீங்களா சார்?'' என்று கேட்டார். ஒவ்வொரு வருஷமும் ஜூலையிலிருந்து இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதாம்.

தைராய்டு குறைபாடு இருந்தாலும் முடி முளைக்காது என்பதால் முதலில் அதைப் பரிசோதித்தார். சரியாக இருந்தது. ``அப்ப காத்திருக்கிறதுதான் வைத்தியம். ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். சிலதுக்குப் பழையபடி வராமலும் போகலாம்'' என்றார். ஸ்பிட்ஸ், பொமரேனியன், சைபீரியன் ஹஸ்கி, சௌ சௌ போன்ற அடர்த்தியான முடிக்கார நாய்களுக்கு ஒட்ட வழித்தால் இந்தப் பிரச்னை வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வழித்த எல்லா நாய்க்கும் வருவதில்லை. எந்த நாய்க்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

அன்று அவர் தன் பேனாவால் ஜிம்மியின் கழுத்து முடியைப் பிரித்துக் காட்டினார். மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. அதற்கு அடியில், தோலை ஒட்டி, இலவம்பஞ்சு மாதிரி மெல்லிய குட்டை முடி. இதைத்தான் `டபுள் கோட்' என்கிறார்கள். மேல்முடி வெயிலையும் தண்ணீரையும் தோலில் நேரடியாகப் படாமல் தடுக்கிறது. அடிமுடி, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குளிரில் உடம்புச் சூடு வெளியே போகாமல் காப்பதும், வெயிலில் வெளிச்சூடு சட்டென்று உள்ளே இறங்காமல் தாமதப்படுத்துவதும் அந்தக் காற்று அடுக்குதான். நம் ஊர்க் கூரை வீட்டில் ஓலை செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். அதனால் சட்டையைக் கழற்றினால் காற்று பட்டுக் குளுகுளுவென்று இருக்கும். நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். அது சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதன் மூலம்தான். ஆக, நாம் நாயின் `சட்டையைக்' கழற்றியதில் அவனுக்குக் கிடைத்தது மொட்டை மாடியில் வெயில் பட்டுச் சிவந்த முதுகுத்தோல் ஒன்றுதான்.

அப்படியானால் வெயிலில் இந்த நாய்களுக்குக் கஷ்டமே இல்லையா? உண்டு. அதைக் கூட்டுவது உதிர்ந்தும் வெளியே வராமல் உள்ளேயே அடைந்து கிடக்கும் அடிமுடி. காற்றுப் போக வழியில்லாமல், பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி அது இறுகிவிடுகிறது. அதை வெளியே எடுக்கக் கத்தரியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். சீப்பு போதும்.

உங்கள் வீட்டு நாய் எந்த வகை?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தெருவுக்கு ஒரு வீட்டில் வெள்ளையாக, கூர்மூக்கோடு, எதிரே யார் வந்தாலும் குரைத்துக்கொண்டு ஒரு `பொமரேனியன்' இருக்கும். டாமி, ஜூலி, ஜிம்மி என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் இரண்டு மூன்று கிலோவைத் தாண்டினால் அதிகம். எங்கள் ஜிம்மி ஒன்பது கிலோ. 1994-ல் வந்த `ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் கிரிக்கெட் அம்பயராக நிற்குமே டஃபி, அதுவும் ஸ்பிட்ஸ்தான்.

ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி எல்லாம் டபுள் கோட். லாப்ரடாரும்கூட! முடி குட்டையாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. வீடெல்லாம் முடி பறக்கும்போதுதான் தெரியும். ஷிட்ஸு, பூடுல் போன்றவற்றின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். அவற்றுக்கு அவ்வப்போது வெட்டியே ஆக வேண்டும். நான் சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னிக்கு இந்தப் பாடே இல்லை. ஒட்டிய குட்டை முடி, ஈரத்துணியால் ஒரு துடை, முடிந்தது வேலை. மதுரையில் இன்னொரு நாய் வளர்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு அவற்றுக்குத்தான். ஹஸ்கி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரையும் `மே மாதம் ஒரு நாள் உங்கள் வீட்டில் கரன்ட் இல்லாமல் உட்கார்ந்து யோசியுங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குளிர் நாடுகளில் இந்த நாய்கள் வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாக அடிமுடியை உதிர்க்கும். பகல் நீள்வதும் குறுகுவதும்தான் அதற்குச் சமிக்ஞை. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. போதாததற்கு ராத்திரி பதினொரு மணி வரை வீட்டில் ட்யூப்லைட். அதனால் நம் ஊர் வீட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும். `சீசன் வரட்டும், சீவிக்கொள்ளலாம்' என்பது இங்கே நடக்காது.

சிக்கெடுக்கச் சொல்லிக்கொடுத்த அம்மா

முடி திரும்ப வந்ததும் ஒரு பிரஷ் வாங்கினேன். மேலாக நாலு இழுப்பு இழுத்தேன். ஜிம்மி பளபளவென்று ஆனான். எனக்கும் திருப்தி. இரண்டு வாரம் கழித்துக் காதுக்குப் பின்னால் கையை விட்டால், கோலி குண்டு அளவுக்கு இறுகிப்போன சடை! மேல்முடியை மட்டும்தான் நான் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன். அடிமுடி அப்படியே இருந்திருக்கிறது.

சடையை இழுத்தேன். `வள்' என்று கையைக் கவ்வ வந்துவிட்டான்.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். ``ஏன்டா, பொம்பளப்பிள்ளைக்குத் தலை சீவினது இல்லையா நீ? வேர்ல இருந்து இழுத்தா உயிர் போகாது? நுனியப் பிடி. நுனிச் சிக்க எடு, அப்புறம் கொஞ்சம் மேல, அப்புறம் இன்னுங் கொஞ்சம் மேல. வேர்ப்பக்கம் ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்க, தோலு இழுபடாது.'' மூன்று தலைமுறைப் பெண் பிள்ளைகளுக்குச் சடை பின்னிய கை. நாய் முடிக்கும் அதே கணக்குதான் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஜிம்மியை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். இடது கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். தோல் ஒரு கோடாகத் தெரியும், வகிடு எடுத்தது மாதிரி. அந்த வகிட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு விரல் அகல முடியை மட்டும் கீழ்நோக்கிச் சீவுவேன். அது முடிந்ததும் இடது கையைச் சற்றுத் தளர்த்தினால் அடுத்த வரிசை இறங்கும். அதற்கு ஒரு வகிடு. இப்படியே கீழே காலிலிருந்து தொடங்கி முதுகுவரை வரிசை வரிசையாக ஏறிப் போக வேண்டும். வயலில் நாற்று நடுகிற மாதிரி, ஒரு வரிசையையும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். மெல்லிய கம்பிகள் வளைந்து நிற்கும் `ஸ்லிக்கர்' பிரஷ் ஒன்று. பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று. அடிமுடி மிக அடர்த்தியாக இருந்தால், பல் நீளமான `அண்டர்கோட் ரேக்' ஒன்று. முகத்துக்கும் காதோரத்துக்கும் எங்கள் வீட்டுப் பழைய பேன் சீப்பே போதுமாக இருக்கிறது. பிரஷ்ஷின் கம்பியை முதலில் உங்கள் முன்கையில் உரசிப் பாருங்கள். உங்களுக்குக் குத்தினால் அவனுக்கும் குத்தும். ஒரே இழுப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும் பிளேடு வகைச் சீப்புகளும் கடையில் கிடைக்கின்றன. விளம்பரத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், அழுத்தி அடிக்கடி போட்டால் மேல்முடியையும் சேர்த்து அறுத்துவிடும். எங்களிடமும் ஒன்று இருக்கிறது, பரணில்.

எல்லாம் முடிந்தது என்று நீங்கள் நினைக்கும்போது ஸ்டீல் சீப்பை எடுத்து, தோலிலிருந்து நுனிவரை ஒரு முறை விடுங்கள். தடையில்லாமல் போனால் சீவி முடித்துவிட்டீர்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பெரும்பாலும் அது காதுக்குப் பின்புறம், முன்னங்கால் கக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடையின் பின்பக்கம், வாலுக்குக் கீழே, இந்த ஐந்து இடங்களாகத்தான் இருக்கும். நேரமே இல்லாத நாளில் இந்த ஐந்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

சடை விழுந்துவிட்டதா? கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். சடையைப் பிடித்து இழுக்கும்போது தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டுத் தையல் போட ஓடியவர்கள் நிறைய. கொஞ்சம் சோளமாவைத் தூவி, விரலாலேயே சடையை இரண்டாக, நான்காகப் பிரியுங்கள். பிறகு நுனியிலிருந்து சிக்கெடுங்கள். அப்படியும் பிரியாவிட்டால் தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேல்பக்கம் மட்டும் வெட்டலாம். தோலோடு ஒட்டி உடம்பு முழுக்க இறுகிவிட்டால் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. அப்போது மெஷின் போடுவதுதான் நாய்க்கு வலி குறைந்த வழி. அறுவை சிகிச்சைக்கோ தோல் நோய்க்கோ டாக்டர் முடியை எடுக்கச் சொன்னாலும் தயங்க வேண்டாம். நான் வேண்டாம் என்பது `வெயில் வந்துடுச்சு' என்கிற ஒரே காரணத்துக்காகப் போடும் மொட்டையை.

குளியல்: சீவிய பிறகே தண்ணீர்

சிக்கோடு குளிப்பாட்டினால் ஈரம் பட்டுச் சிக்கு இறுகி, காய்ந்ததும் கயிறாகிவிடும். அதனால் சீவல் முதலில், குளியல் பிறகு. மாதம் ஒரு குளியல் போதும். வாராவாரம் ஷாம்பு போட்டால் தோலின் எண்ணெய்ப்பசை போய் அரிப்புதான் மிஞ்சும்.

மே மாதத்தில் ஒரு விஷயம் மறக்காதீர்கள். மாடி டேங்க் தண்ணீர் மத்தியானம் காபி போடுகிற சூட்டில் வரும். குழாயைத் திறந்து அப்படியே நாய் மேல் பிடித்துவிடாதீர்கள். காலை எட்டு மணிக்குள் குளிப்பாட்டுங்கள், காய்வதற்கும் பகல் முழுக்க நேரம் கிடைக்கும்.

இந்த முடி லேசில் நனையாது. மேலே சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், விரலால் பிரித்துப் பார்த்தால் தோல் காய்ந்தே இருக்கும். கையால் பிசைந்து பிசைந்து ஐந்து நிமிடமாவது தண்ணீரை உள்ளே இறக்க வேண்டும். நாய்களுக்கான ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரே சீராகப் பரவும். நாம் தலைக்குப் போடும் ஷாம்புவோ, துணி சோப்போ, கிருமிநாசினித் திரவமோ வேண்டாம். நாய் தன்னை நக்கும் பிராணி. போட்டதெல்லாம் வயிற்றுக்குப் போகும். என் அத்தை அவர் வீட்டு வெள்ளை நாய்க்குக் கடைசி அலசலில் சொட்டு நீலம் போடுவார். `பளிச்'சென்று இருக்கும் என்பது அவர் வாதம். அது வானவில் மாதிரி திரிந்ததுதான் மிச்சம். நான் மட்டும் என்ன, சொறிக்கு மஞ்சள் பூசிவிட்டு ஒரு மாதம் மஞ்சள் நாயோடு வாக்கிங் போயிருக்கிறேன்.

அலசும் தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் இன்னொரு முறை அலசுங்கள். அடிமுடியில் தங்கும் ஷாம்புதான் பாதி அரிப்புக்குக் காரணம்.

துவட்டுவதுதான் பலரும் கோட்டை விடும் இடம். துண்டால் தேய்த்தால் மறுபடி சிக்கு விழும். துண்டைச் சுற்றி அமுக்கி அமுக்கி ஈரத்தை எடுங்கள். பிறகு ஃபேன், அதோடு ஹேர் டிரையரைக் குளிர்க்காற்றில் வைத்து, முடியை விலக்கி விலக்கி ஊதுங்கள். ஜிம்மிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். `வெளியே காய்ந்துவிட்டதே' என்று விட்டால் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அடுத்த நாள் ஊறிய துணி வாடை அடிக்கும். அந்த ஈரத்தில்தான் தோல் சிவந்து, நீர் கசிந்து, நாய் கடித்துக் கடித்து ஒரே நாளில் உள்ளங்கை அளவுக்குப் புண்ணாகும். ஐப்பசி மழைக்காலத்தில் வாக்கிங் போய் நனைந்து வந்தாலும் இதே கதைதான்.

சீப்பில் வந்த உண்ணி

இதுவரை சொன்னது அழகுக்கும் அரிப்புக்கும். போன வருஷம் நடந்தது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல வகிடு எடுத்துச் சீவிக்கொண்டிருந்த என் மகள், ``அப்பா, இங்க பாருங்க'' என்றாள். முன்னங்கால் கக்கத்தில் ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று. காதின் உள்மடிப்பில் மிளகு அளவில் இன்னும் நான்கு. உண்ணி. மேலாகத் தடவிப் பார்த்திருந்தால் அந்த முடிக்குள் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. வயிற்றுப் பக்கம் முடியை விலக்கினால், கொசு கடித்தது போல ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். இரண்டு நாளாக அவன் சோற்றைப் பாதியில் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயிலால் என்று நினைத்திருந்தோம்.

உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. மூன்று நான்கு வாரங்கள் மாத்திரை கொடுத்துத் தேறிவிட்டான். ``மூக்குல ரத்தம் வந்த பிறகுதான் பாதிப் பேர் வர்றாங்க. உங்க பொண்ணு வயித்துப் புள்ளியிலேயே பிடிச்சிடுச்சு'' என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் அவள்தான் தலைமைச் சீவலர்.

நம் ஊர் வெக்கைக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். பார்த்தால் பிடுங்கியை எடுத்து, தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தோலை வேகவைத்துவிடும், நக்கினால் உயிருக்கே ஆபத்து.

உண்ணிக்கு டாக்டர்கள் கொடுக்கும் சொட்டு மருந்தை அடர்ந்த முடிக்கார நாய்களுக்குப் பலரும் தப்பாகத்தான் போடுகிறோம். பிடரி முடியின் மேலேயே ஊற்றிவிடுகிறோம். மருந்தைப் பஞ்சு குடித்துவிடும். பிடரியில் வகிடு எடுத்து, வெறும் தோல் தெரிந்த பிறகு, தோலில் படும்படி விட வேண்டும். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. அளவு நாயின் எடையைப் பொறுத்தது, டாக்டர் சொல்வதே கணக்கு. நாய்க்கான சில மருந்துகள் பூனைக்கு விஷம். வீட்டில் இரண்டும் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு தகவல்: சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகளும் உண்டு. அரசுக் கால்நடை மருந்தகம் உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கும்.

சரி, வெயிலுக்கு என்னதான் செய்வது?

எங்கள் வீட்டில் இப்போது ஜிம்மியின் வாக்கிங் காலை ஆறரைக்குள் முடிந்துவிடும். மாலையில் இருட்டிய பிறகுதான். அதற்கும் முன்பு, புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணிப் பார்ப்போம். நம்மால் வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. மண்சட்டியில் தண்ணீர், வீட்டில் இரண்டு இடத்தில். குளுமைக்கு ஈரத்துண்டை முதுகில் போர்த்துவார்கள் சிலர். அந்த அடர்ந்த முடிமேல் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். ஈரத்துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் படுக்க விடுங்கள். பாதமும் வயிறும் நனைந்தால் போதும், மேலே ஃபேன் ஓடட்டும்.

இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக நூல் விட்டு, ஈறு செக்கச் செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஃபேன் காற்று படவைத்துக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அங்கே அரை மணி நேரத் தாமதம்கூடப் பெரிது.

கத்தரிக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடுவோம். டைல்ஸில் வழுக்காமல் நடப்பான். மலம் ஒட்டாமலிருக்க வாலுக்குக் கீழே கொஞ்சம். முனை மழுங்கிய குட்டைக் கத்தரி போதும். அதற்கு மேல் எதையும் வெட்டுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே முழு உடம்பையும் சீவிவிட நினைக்காதீர்கள். முதல் வாரம் சீப்பைக் காட்டி, ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுத்து, இரண்டு இழுப்போடு விட்டுவிடுங்கள். ஜிம்மிக்குக் கேரட் போதும். மெஷின் சத்தத்தில் பயந்தவன் என்பதால் அவனுக்குச் சீப்பு பழகவே ஒரு மாதம் ஆனது. டிரையர் சத்தத்துக்கு இன்னும் அதிகம். இப்போது புதன்கிழமை கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம்.

ஞாயிறு சீவலில் ஒரு கேரிபேக் நிறைய வெள்ளைப் பஞ்சு சேரும். முன்பு அதை மொட்டை மாடியில் வைத்துவிடுவோம், குருவிகள் கூட்டுக்கு எடுத்துப் போகும். உண்ணி மருந்து போட ஆரம்பித்த பிறகு நிறுத்திவிட்டோம். மருந்து பட்ட முடி குஞ்சுகளுக்கு ஆகாது. நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான். ``எம்புட்டு முடி! இத வச்சே ஒரு தலகாணி தச்சிருக்கலாம்'' என்று ஒவ்வொரு வாரமும் அம்மா சொல்கிறார். பக்கத்தில் ஜிம்மி, அடுத்த பக்கத்தைச் சீவச் சொல்லித் தானாகவே புரண்டு படுக்கிறான்.